97 சிவிக்: ஓட்டோ கியரை எடுத்து மானுவல் போட்டாயிற்று, இப்போது ஒன்பது பிழைக்குறிகள். எதை நம்புவது?

#1 ஸ்காபுரோ_சிவிக்

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் 1997 ஹொண்டா சிவிக் எல்எக்ஸ், நாலு கதவு, டி16வை7 எஞ்சின், 3,12,000 கிலோமீற்றர் ஓடியது. ஓட்டோ கியர்பொக்ஸ் (தானாகக் கியர் மாறுவது) போன வருடம் வழுக்கத் தொடங்கியது. எண்ணெய் கறுத்து எரிந்த மணம். அந்த எண்ணெயை நாங்கள் ஒருநாளும் மாற்றியதில்லை, ஆகவே யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னொரு ஓட்டோ தேடுவதைவிட, கையால் கியர் மாற்றும் மானுவலுக்கு மாற்றினால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. பின்பக்கம் அடிபட்ட ஒரு 1998 சிவிக்கில் இருந்து கியர்பொக்ஸ், பெடல்கள், கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ், இரண்டு அக்சில், கியர் லீவர் எல்லாம் கழற்றி எடுத்தேன். கிளட்ச் தட்டு மட்டும் புதிது. மாமாவின் கராஜில் மூன்று வார இறுதி போனது.

முதல் நாள் திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. மச்சான் வந்து, பழைய கியர் லீவரின் அடியில் இருந்த பிளக்கில் இரண்டு தடித்த வயர்களைத் தேடி முறுக்கி ரேப் சுற்றினான். உடனே பிடித்தது.

இப்போது ஐந்து கியரும் ரிவர்சும் நன்றாக விழுகின்றன. பிரச்சினை இரண்டு. ஒன்று, எஞ்சின் லைட் அணைவதே இல்லை, ஓட்டோ லீவரின் இடத்தைக் காட்டும் டி4 விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டு, சிக்னலை நெருங்கும்போது கிளட்சை அமத்திக்கொண்டு உருளவிட்டால் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) சட்டென்று விழுகிறது. பத்துத் தடவையில் மூன்று தடவை எஞ்சின் நின்றே விடுகிறது. நின்ற இடத்தில் ஐடில் (கால் வைக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடுவது) பிழையில்லை.

20 டொலர் புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கினேன், அது காரோடு பேசவே இல்லை. பிறகு ஒரு நண்பரின் வயர் வைத்த ஸ்கேனரால் படித்தேன். காரின் கொம்பியூட்டர் போட்டிருந்த பிழைக்குறிகள்: பி0141, பி0500, பி0715, பி0720, பி0753, பி0758, பி1706, பி1753, பி1758.

ஒருவர் ஐடில் வால்வை மாற்று என்கிறார். இன்னொருவர் கொம்பியூட்டர் செத்துவிட்டது, புதிதாக வாங்கு என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

#2 மொன்றியல்_மாமா

தம்பி, மீட்டரைக் கழற்றி அந்தப் பல்பை எடுத்துவிடும். நான் இதே மாதிரி ஒரு சிவிக்கை மானுவலாக்கி, ஓட்டோ கொம்பியூட்டரோடேயே ஐந்து வருடம் ஓடினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்ராறியோவில் டிரைவ் கிளீன் புகைச் சோதனையும் 2019 ஏப்ரலோடு போய்விட்டது, பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

#3 பழைய_ஸ்பானர்

மாமா, பல்பைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

தம்பி, முதலில் அந்த ஒன்பதையும் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். பிழைக்குறியைப் படிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. பி-க்கு அடுத்த எண் 0 என்றால் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான குறி, 1 என்றால் தயாரிப்பாளர் சொந்தமாக வைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த எண்தான் முக்கியம். 1, 2 என்றால் காற்றும் எரிபொருளும். 3 பற்றவைப்பு. 4 புகைக் கட்டுப்பாடு. 5 வேகமும் ஐடிலும். 6 கொம்பியூட்டரே. 7 என்றால் கியர்பொக்ஸ்.

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். ஏழு குறிகளில் அந்த இடத்தில் 7 நிற்கிறது. பி0753, பி0758 கியர் மாற்றும் சொலனொயிட்டுகள், அதாவது கரண்டில் திறந்து மூடும் வால்வுகள். பி1753, பி1758 டோர்க் கொன்வேட்டரை (ஓட்டோவில் கிளட்சுக்குப் பதிலாக எஞ்சினையும் பெட்டியையும் இணைப்பது) பூட்டும் சொலனொயிட்டுகள். பி0715, பி0720 ஓட்டோ பெட்டிக்குள் சுழலும் இரண்டு தண்டுகளின் வேக சென்சர்கள். பி1706 லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் சுவிட்ச். இவை எல்லாம் இப்போது எங்கே? உங்கள் மாமாவின் கராஜ் மூலையில் எண்ணெய் வடிந்துகொண்டு கிடக்கின்றன. கொம்பியூட்டர் ஒவ்வொரு சொலனொயிட்டுக்கும் கரண்ட் அனுப்பிப் பார்க்கிறது, மறுமுனையில் ஆள் இல்லை, குறி போடுகிறது. அது சாகவில்லை தம்பி. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இல்லாத ஒன்றை இல்லை என்றுதான் சொல்கிறது.

இந்த ஏழையும் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். மானுவல் காருக்கான கொம்பியூட்டரைப் போட்டால் ஏழும் ஒரே நாளில் போகும், ஏனென்றால் அந்தக் கேள்விகளையே அது கேட்காது. 1996 முதல் 98 வரை வந்த டி16வை7 மானுவல் கொம்பியூட்டர் வேண்டும். லேபலில் பி2ஈ என்றிருக்கும். அதற்குப் பின்னால் வரும் எழுத்து எண்ணையும் பாருங்கள்: ஏ-வுக்குப் பிறகு 0 என்றால் மானுவல், 5 என்றால் ஓட்டோ. 99, 2000 ஆண்டுப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள், பிளக் வேறு. 97-இல் திறப்புக்குள் சிப் இல்லை என்பதால் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகுவதோடு வேலை முடிந்தது. ஓட்டோவுக்கென்று இருக்கும் தனிப் பிளக் மட்டும் செருக இடமில்லாமல் தொங்கும். அதை ரேப் சுற்றி மேலே கட்டிவிடுங்கள்.

மிச்சம் இரண்டு: பி0500, பி0141. இவைதான் உண்மையான நோய். பி0500 கார் ஓடும் வேகத்தைச் சொல்லும் சென்சர். அது மானுவல் பெட்டியிலும் இருக்கிறது, ஆகவே "ஆள் இல்லை" என்ற சாட்டு இதற்குச் செல்லாது. பி0141 புகைக்குழாயில் இருக்கும் இரண்டாவது ஒட்சிசன் சென்சரின் சூடாக்கி.

எஞ்சின் நிற்பதும் பி0500-ஓடு சேர்ந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. கார் உருளும்போது நீங்கள் கிளட்சை அமத்தினால், "இன்னும் ஓடுகிறது" என்று தெரிந்தால்தான் கொம்பியூட்டர் ஐடில் வால்வை அதற்கேற்றபடி பிடித்து ஆர்பிஎம்மைத் தாங்கும். வேகம் பூச்சியம் என்று அது நினைத்துக்கொண்டிருந்தால் கை நழுவிவிடும். ஓட்டோவில் இது தெரிந்திருக்காது, கொன்வேட்டர் வழியாகச் சில்லே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

வால்வ் ஒன்றும் வாங்க வேண்டாம். எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வேக மீட்டர் முள் ஒழுங்காக வேலை செய்கிறதா? கியர்பொக்ஸைக் கழற்ற முன்பே எஞ்சின் லைட் எரிந்ததா?

இன்னொன்று. கனடாக் கார் என்பதால் கேட்கிறேன். ரிமோட் ஸ்டார்ட்டர் இருக்கிறதா?

#4 ஸ்காபுரோ_சிவிக்

அண்ணை, இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. நன்றி.

வேக மீட்டர் அருமையாக வேலை செய்கிறது. முள் ஆடுவதுகூட இல்லை. ஆகவே சென்சர் நல்லது என்றுதான் நினைத்தேன்.

எஞ்சின் லைட் போன பனிக்காலம் முழுக்க எரிந்தது. கியர்பொக்ஸ் போவதால் எரிகிறது என்று நினைத்து ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

ரிமோட் ஸ்டார்ட்டர் இருக்கிறது. அம்மாவின் திறப்புக் கோர்வையில். ஏன்?

#5 பழைய_ஸ்பானர்

இப்போதே போய் அதன் பியூஸைக் கழற்றுங்கள். பிறகு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

மச்சான் முறுக்கிய இரண்டு வயர்கள் வேறொன்றுமில்லை, "லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும்" என்ற காவல். அதை இப்போது பாலம் போட்டுத் திறந்துவிட்டீர்கள். மானுவல் காரை முதலாம் கியரில் விட்டு நிறுத்துவது எல்லாரின் பழக்கம். காலையில் அம்மா குசினிக்குள் இருந்து அந்தப் பட்டனை அமத்தினால், கார் கியரில் நின்றபடியே ஸ்டார்ட்டர் சுழலும். கார் பாயும். எஞ்சின் பிடித்துவிட்டால் ஓடத் தொடங்கும். முன்னால் என்ன நிற்கிறது, யார் நிற்கிறார் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

#6 ஸ்காபுரோ_சிவிக்

கழற்றிவிட்டேன். நேற்றிரவும் கியரில்தான் விட்டிருந்தேன். காருக்கு முன்னால் அப்பாவின் சைக்கிளும் கராஜ் கதவும். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

#7 கிள்ளான்_ஈகே

அண்ணே, இதுக்குச் சுலபமான வழி இருக்கு. அந்த ரெண்டு வயரையும் முறுக்காமல், கிளட்ச் பெடல் மேலே உள்ள சுவிட்சுக்கு இழுத்துக் கொடுங்க. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். மானுவல் காடிக்கு இதுதான் முறை. ரிமோட்டை அமுக்கினாலும் கிளட்சை மிதிக்க ஆள் இல்லாததால் ஸ்டார்ட்டர் சுற்றாது. தடித்த வயரே போடுங்க, மெல்லிசு சூடாகும். பெடல் செட்டோடு அந்தச் சுவிட்சும் வந்திருக்கும், பாருங்க.

ரிவர்ஸ் லைட்டும் இதே கதைதான். ஓட்டோவில் அது லீவருக்குக் கீழே இருக்கும், மானுவலில் கியர் பெட்டியிலேயே ரெண்டு வயர் சுவிட்ச். லீவர் பிளக்கில் பச்சை-கறுப்பு வயர்தான் பின் விளக்குக்குப் போவது. அதை முன்னால் இழுக்கணும்.

நான் இங்கே என் ஈகே-யை (இதே தலைமுறைச் சிவிக்) மாற்றினபோது ஸ்கேனர் எதுவும் பேசவில்லை. போர்மன் ஒருத்தர்தான் கத்துக்கொடுத்தார். பயணி பக்கம் டேஷுக்குக் கீழே நீல நிறத்தில் ரெண்டு பின் பிளக் இருக்கும். அதை ஒரு பேப்பர் கிளிப்பால் பாலம் போட்டு சாவியை ஆன் பண்ணினால் எஞ்சின் லைட் மினுக்கிக் காட்டும். நீள மினுக்கு பத்து, குட்டை மினுக்கு ஒண்ணு. கியர் பெட்டிக் குறை எதுவானாலும் ஏழு நீள மினுக்கு, அதாவது 70. ஏழு குறையும் ஒரே எண்தான்! அந்த வகையில் உங்க ஸ்கேனர் பரவாயில்லை.

#8 கோவை_வயரிங்

வணக்கம் தம்பி. கோயமுத்தூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாடல் எங்கள் பக்கம் வராது, ஆனால் வயருக்கு ஊர் ஏதுங்க.

பி0500-உம் பி0141-உம் சேர்ந்து வருவதால் முதலில் பியூஸைத்தான் பார்ப்பேன். நிறைய வண்டிகளில் வேக சென்சருக்கும் ஆக்சிஜன் சென்சர் ஹீட்டருக்கும் ஒரே பியூஸ்.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றிய வண்டியில் பாதிக் கோளாறு எர்த் கம்பியில்தான் இருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். இன்னொருவரை விட்டு ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேலே போனால் கரண்ட் வேறு ஏதோ வழியில் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

#9 பழைய_ஸ்பானர்

கோவை அண்ணா சொன்ன பியூஸ் இந்தக் காரிலும் உண்டு. உள் பியூஸ் பெட்டியில் ஆல்டர்னேட்டர், எஸ்பி சென்சர் (வேக சென்சர்) என்று எழுதிய 7.5 ஆம்ப். ஆனால் அது போயிருந்தால் வேக மீட்டரும் விழுந்திருக்கும், முன் ஒட்சிசன் சென்சரின் சூடாக்கிக்கும் பி0135 வந்திருக்கும். இரண்டும் இல்லை. ஆகவே பியூஸ் நல்லது. பார்ப்பதில் தவறில்லை, பத்து விநாடி வேலை.

எர்த் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. தேர்மோஸ்டாற் உறையின் மேல் ஒரு போல்ட்டில் கொம்பியூட்டரின் எர்த் இருக்கிறது. கியர்பொக்ஸில் இருந்து பொடிக்குப் போகும் பட்டை வயர் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்குங்கள். எங்கள் ஊர் ரோட்டில் கொட்டும் உப்பு செம்பையே தின்னும்.

வேக மீட்டர் வேலை செய்கிறது என்று சொன்னதுதான் இதில் பெரிய துப்பு. சென்சரில் மூன்று வயர்: 12 வோல்ட், எர்த், சிக்னல். சிக்னல் நீலம்-வெள்ளை. அந்த ஒரு வயர் வழியில் பிரிந்து ஒரு கிளை மீட்டருக்கும் ஒரு கிளை கொம்பியூட்டருக்கும் போகிறது. மீட்டர் வேலை செய்கிறது என்றால் சென்சர் நல்லது, அதற்கு வரும் கரண்ட் நல்லது, எர்த் நல்லது, பிரியும் இடம் வரை வயரும் நல்லது. மிஞ்சுவது கொம்பியூட்டருக்குப் போகும் கிளையும் அதன் நுனியில் பிளக்குக்குள் இருக்கும் பின்னும் (உலோக முனை), அல்லது கொம்பியூட்டர். தேட வேண்டிய இடம் இரண்டு முழம் நீளத்துக்குச் சுருங்கிவிட்டது.

எந்தக் கம்பியை வெட்ட முன்னும் மானுவல் கொம்பியூட்டரைப் போட்டுப் பாருங்கள். எப்படியும் வாங்கப் போகிறீர்கள். புதுக் கொம்பியூட்டரும் பி0500 போட்டால் இரண்டு பேர் ஒரே சாட்சி சொல்கிறார்கள் என்று அர்த்தம், பிறகு கொம்பியூட்டரைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

மாமா, இப்போது பல்புக்கு வருகிறேன். ஓட்டோ கொம்பியூட்டரோடு எஞ்சின் ஓடும், அதை மறுக்கவில்லை. பிரச்சினை வேறு. லைட் ஏழு பொய்க் காரணத்துக்காக எந்நேரமும் எரிந்தால், எட்டாவதாக ஓர் உண்மைக் காரணம் வரும்போது உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தத் தம்பியின் காரே உதாரணம். போன பனிக்காலம் எரிந்த லைட்டை யாரும் படிக்கவில்லை.

#10 மொன்றியல்_மாமா

அதுவும் ஒரு நியாயம்தான். என் சிவிக்கில் நாலாவது வருடம் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் போய்விட்டது, பல்பு இருந்திருந்தால் மினுங்கியிருக்குமோ?

#11 பழைய_ஸ்பானர்

மிஸ்பயர் (எஞ்சினுக்குள் எரிபொருள் ஒழுங்காகப் பற்றாதது) காரணமாகப் போயிருந்தால் மினுங்கியிருக்கும். மினுங்கும் லைட்டுக்கு அர்த்தமே அதுதான், உடனே காலை எடு, கொன்வேட்டர் எரிகிறது என்று. வயதாலும் போயிருக்கலாம். பல்பு இல்லாததால் இனி யாருக்கும் தெரியாது, மாமா.

#12 ஸ்காபுரோ_சிவிக்

ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

எர்த்: கோவை அண்ணா சொன்னபடி அளந்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.9 வோல்ட். கியர்பொக்ஸ் பட்டை வயரைப் பார்த்தால் பாதிக்கு மேல் பச்சைத் தூளாகக் கிடந்தது. கழற்றும்போதே கவனித்திருக்க வேண்டும், அப்படியே திரும்பப் பூட்டியிருக்கிறேன். புதுப் பட்டை போட்டதும் 0.1. ஸ்டார்ட் ஆகும் சத்தமே மாறிவிட்டது. ஆனால் எந்தக் குறியும் போகவில்லை.

கிளட்ச் சுவிட்ச் போட்டாயிற்று. மச்சானின் முறுக்கலை வெட்டி, சோல்டர் செய்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டேன். (மச்சான் மனம் நொந்துவிட்டான்.) கிளட்சை மிதிக்காமல் திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லை. ரிவர்ஸ் லைட்டும் எரிகிறது.

கொம்பியூட்டர்: பி2ஈ, ஏ-வுக்குப் பிறகு 0. 60 டொலர். முதலில் ஒருவர் மானுவல் என்று சொல்லி விற்க வந்தது ஏ5 என்று தொடங்கியது. லேபலைப் பற்றிச் சொல்லியிருக்காவிட்டால் ஏமாந்திருப்பேன். பயணியின் கால் பக்கம் பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால்தான் கொம்பியூட்டர் இருக்கிறது. மாற்ற இருபது நிமிடம். டி4 மினுங்கல் போயிற்று.

லைட் முதல் நாள் எரியவில்லை. சந்தோசத்தில் மாமாவுக்கு படம்கூட அனுப்பினேன். அடுத்த நாள் நெடுஞ்சாலை 401-இல் போய்வந்தேன், திரும்ப எரிந்தது. படித்தால் பி0500, பி0141. ஏழும் காணாமல் போய்விட்டன, அண்ணை சொன்ன இரண்டு மட்டும் நிற்கின்றன. உருளும்போது எஞ்சின் நிற்பதும் அப்படியே.

#13 கிள்ளான்_ஈகே

ஆகா, ரெண்டு சாட்சியும் ஒரே வார்த்தை!

#14 பழைய_ஸ்பானர்

நல்லது, இப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

பி0141 சுலபம், அதை முதலில் முடியுங்கள். காரை உயர்த்திப் பாதுகாப்பாக ஸ்டாண்டில் வைத்து, பின் ஒட்சிசன் சென்சரின் பிளக்கைக் கழற்றி, சூடாக்கியின் இரண்டு பின்னுக்கு இடையே ஓம் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது 10 முதல் 40 ஓம் வந்தால் சென்சர் நல்லது. நல்லது என்றால் வயரைக் கண்ணால் பின்தொடருங்கள். பழைய பெட்டியில் ஒரு கிளிப் அந்த வயரைத் தூக்கிப் பிடித்திருக்கும், மானுவல் பெட்டியில் அந்தக் கிளிப்புக்கு இடமில்லாமல் நீங்கள் தொங்கவிட்டிருப்பீர்கள். புகைக்குழாய்ப் பக்கம் பாருங்கள். சென்சரே போயிருக்கவும் கூடும், 27 வருடத்துக்கு மேல் ஓடிய கார்.

பி0500-க்கு: முன் சில்லுகளை உயர்த்துங்கள், பின் சில்லுகளுக்கு முட்டு. கியர் நியூட்ரல். திறப்பு ஆன், எஞ்சின் ஓட வேண்டாம். ஒரு முன் சில்லை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றதைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கொம்பியூட்டரில் பிளக் செருகியபடியே, நீலம்-வெள்ளை வயருக்குப் பின்பக்கமாக ஊசி செருகி வோல்ட் பாருங்கள். 0-க்கும் 5-க்கும் இடையே துள்ள வேண்டும். சென்சர் ஒரு சுற்றுக்கு நாலு துடிப்பு கொடுக்கும், ஆகவே மெதுவாகச் சுற்றினால்தான் மீட்டர் பிடிக்கும். துள்ளவில்லை என்றால் கிளையில் முறிவு. துள்ளுகிறது என்றால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

#15 கோவை_வயரிங்

ஐயாவின் சந்தேகம் எனக்குப் புரிகிறது, நான் போட்டு உடைத்துவிடுகிறேன். வயரில் துள்ளல் இருந்து குறி வந்தால், வயரைப் பிடித்திருக்கும் பின் கொம்பியூட்டரின் ஊசியைத் தொடவில்லை என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி முன்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பின் மட்டும் உள்ளே தள்ளியிருக்கும், அல்லது வாய் அகன்றிருக்கும், அல்லது பச்சை பிடித்திருக்கும். பக்கத்துப் பின்னோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு வயரையும் பின்னாலிருந்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், பலமாக வேண்டாம்.

#16 ஸ்காபுரோ_சிவிக்

பி0141 முதலில். சென்சர் 14 ஓம். வயர்... அண்ணை, நீங்கள் என் கராஜில் கமரா வைத்திருக்கிறீர்களா? கிளிப் இல்லாமல் தொங்கி, புகைக்குழாயில் பட்டு, ஒரு வயர் உறை உருகி வெறும் கம்பியாகக் கிடந்தது. புது வயர் ஒட்டி, வெப்பம் தாங்கும் உறை போட்டு, கியர்பொக்ஸ் போல்ட் ஒன்றில் பிடி செய்து தூக்கிக் கட்டினேன். இது முழுக்க என் பிழை.

பி0500: அப்பா ஒரு சில்லைப் பிடித்தார், நான் மீட்டரோடு கால் பக்கம் தலைகீழாகக் கிடந்தேன், தங்கை மற்ற சில்லைச் சுற்றினாள். 0, 5, 0, 5. அழகாகத் துள்ளியது.

பிளக்கைக் கழற்றி ரோர்ச் அடித்தேன். மூலையில் மூன்று பின் பச்சை. நீலம்-வெள்ளை போன பின் மட்டும் முழுக்கப் பச்சை மா பூசின மாதிரி. கொம்பியூட்டர் பக்க ஊசியிலும் கொஞ்சம். பழைய ஓட்டோ கொம்பியூட்டரை எடுத்துப் பார்த்தேன், அதே இடத்தில் ஊசி கறுத்து அரிபட்டிருக்கிறது. கம்பளத்தை உயர்த்தினால் கீழே இன்னும் ஈரம். பனிச் சப்பாத்தோடு ஏறி ஏறி உருகின தண்ணீரா, கண்ணாடி ஓரத்தால் ஒழுகுகிறதா தெரியவில்லை.

அப்படியென்றால் போன பனிக்காலம் எரிந்த லைட் இதற்குத்தானா?

#17 பழைய_ஸ்பானர்

இதுவும் சேர்ந்து எரிந்திருக்கும் என்றுதான் நான் சொல்வேன். பழைய பெட்டியின் ஊசியே அரிபட்டிருக்கிறது என்றால் இது உங்கள் மூன்று வார இறுதியில் வந்த நோய் இல்லை. கியர்பொக்ஸ் போனது வேறு கதை, எரிந்த எண்ணெய்க்கு வேறு விளக்கம் இல்லை. அதனால் "வீணாக மாற்றினேனோ" என்று யோசிக்காதீர்கள்.

அந்தப் பின்னைச் சுரண்டிச் சரிப்படுத்த வேண்டாம். சுரண்டினால் மேல்பூச்சு போய் அடுத்த பனிக்காலம் திரும்ப வரும். நீங்கள் கியர்பொக்ஸ் எடுத்த அந்த 98 காரில் இருந்து அதே பின்னை ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்துவந்து மாற்றுங்கள். மற்ற இரண்டு பின்னுக்கும் கொண்டக்ற் கிளீனர் அடித்தால் போதும் போலிருக்கிறது. பற்றரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

குறிகளை அழிக்கும்போது எஞ்சின் பக்கப் பியூஸ் பெட்டியில் பேக்கப் என்றிருக்கும் 7.5 ஆம்பைப் பத்து விநாடி எடுத்தால் போதும், ஸ்கேனராலும் அழிக்கலாம். பியூஸ், பற்றரி எதைக் கழற்றினாலும் ரேடியோ கோட் கேட்கும், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஏசி, விளக்கு எல்லாம் நிறுத்தி, மின்விசிறி ஒருதரம் ஓடி நிற்கும் வரை சூடாக்கி ஐடிலில் விடுங்கள். ஐடிலைக் கொம்பியூட்டர் திரும்பக் கற்கவேண்டும்.

கம்பளம் காயாமல் பலகையைப் பூட்டாதீர்கள். ஒரு வாளி தண்ணீரை முன் கண்ணாடி மேல் ஊற்றி, உள்ளே ஒருவரை ரோர்ச்சோடு கிடக்கச் சொல்லுங்கள். ஒழுகலா சப்பாத்தா என்று தெரிந்துவிடும்.

#18 கிள்ளான்_ஈகே

எங்க ஊரில் பனி இல்லை, ஆனால் ஏசி தண்ணி ஒழுகி அதே மூலை நனையும். நானும் போய்ப் பார்க்கணும் போல.

அப்புறம் அந்த 20 வெள்ளி அடாப்டர் ஏன் பேசவில்லை என்று யாரும் சொல்லவில்லையே?

#19 பழைய_ஸ்பானர்

மறந்துவிட்டேன். அந்தக் காலத்துச் சிவிக் ஐஎஸ்ஓ 9141-2 என்ற பழைய மொழியில் பேசும். இப்போதைய கார்கள் எல்லாம் கான் (CAN) என்ற வேறு மொழியில் பேசும். மலிவு அடாப்டர்கள் பல "எல்லா மொழியும் தெரியும்" என்று பெட்டியில் போட்டுவிட்டுப் பழையதை வெட்டிவிட்டிருக்கும். காரில் பிழையில்லை.

#20 ஸ்காபுரோ_சிவிக்

முடிந்தது என்று நினைக்கிறேன்.

பழைய கார் யார்ட்டுக்குப் போனபோது அந்த 98 கார் இன்னும் நின்றது. பின்னை வயரோடு வெட்டி எடுத்தேன், ஐந்து டொலர் கேட்டார்கள். பின்னைக் கழற்ற அதற்கான மெல்லிய கருவி இல்லாமல் ஒரு மணித்தியாலம் போராடினேன், கடைசியில் அம்மாவின் தையல் ஊசி காப்பாற்றியது.

பத்து நாள் ஆயிற்று, 640 கிலோமீற்றர். லைட் இல்லை. ஸ்கேனரில் ஒரு குறியும் இல்லை, இன்னும் உறுதியாகாமல் காத்திருக்கும் குறியும் இல்லை. சிக்னலில் கிளட்சை அமத்தி உருளவிட்டால் ஆர்பிஎம் சற்று உயரத்தில் நின்று, கார் நின்ற பிறகுதான் கீழே இறங்குகிறது. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து பின்னால் நின்றவரிடம் ஹோர்ன் வாங்கினேன்.

ஒழுகல் கண்ணாடியால்தான். வாளித் தண்ணீர் ஊற்றினதும் தங்கையின் நெற்றியில் விழுந்தது. இந்தக் கிழமை கண்ணாடி வேலை.

அம்மாவுக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் இல்லை என்பதுதான் கோபம். ஜனவரியில் யார் போய்ச் சூடாக்குவது என்று கேட்கிறார். நான்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

#21 மொன்றியல்_மாமா

தம்பி, மீட்டரைக் கழற்ற நான் சொன்னேனே, கழற்றவில்லைத்தானே?

#22 ஸ்காபுரோ_சிவிக்

இல்லை மாமா, பல்பு அதே இடத்தில். திறப்பை ஆன் செய்ததும் இரண்டு விநாடி எரிந்து அணைகிறது.

பழைய ஓட்டோ கொம்பியூட்டர் இங்கே சும்மா கிடக்கிறது. ஒரு ஊசி அரிபட்டது, மற்றபடி நல்லது. 96 முதல் 98 வரையான ஓட்டோ எல்எக்ஸ் வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமென்றால் தபால் செலவு மட்டும் தாருங்கள்.